நம்ம ஆள்

நெட்டையண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பத்திரிகைக்காரர்கள் மெய்க்காப்பாளர் என்று எழுதினார்கள். லாரி ஷெட்டில் இருந்த டிரைவர்கள் பாடிகார்டு என்றார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த பாவத்துக்கு நெட்டையண்ணன் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். கல்யாண மண்டபங்களில் பரிமாறுகிறவர்கள் கன்மேன் என்று தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்கள். துப்பாக்கியாவது ஒன்றாவது! கோட்டின் உள்பையில் புடைத்துக்கொண்டிருந்தது பெரியவரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. அது அப்படிப் புடைத்துக்கொண்டிருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான் என்று பெரியவரே சொல்லியிருந்தார்.

பெரியவர் என்றால் லாரி முதலாளி. ஒற்றை லாரியில் ஆரம்பித்து, ஒரு தெரு முழுக்க லாரி நிறுத்துகிற அளவுக்கு வளர்ந்தவர். அப்படி வளர்கிறபோது நாலு பேருடைய வயிற்றெரிச்சலையும் சேர்த்து வளர்க்காமல் முடியாது. அந்த நாலு பேருக்காக வந்தவர்தான் நெட்டையண்ணன். அவர்கள் அவரை அடியாள் என்றார்கள். பெரியவரின் மனைவி, குரலை உயர்த்தத் தெரியாத அம்மா, வீட்டுக்கு வருகிறவர்களிடம் "இவருக்குத் துணைக்கு வர்றவர்" என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். பெரியவர் மட்டும் கடைசி வரை ஒரே வார்த்தைதான் வைத்திருந்தார். நம்ம ஆள். "நம்ம ஆள் வெளியில நிக்கறான், பாத்துப் பேசு" என்பார் எதிரில் இருப்பவரிடம். நெட்டையண்ணனிடம் அந்த வார்த்தையை நேரில் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. திரும்பாமலே பேசினால் போதும், ஆள் பின்னால் இருப்பார்.

இந்த வேலைக்கு எங்கும் பாடம் எடுப்பதில்லை. நெட்டையண்ணன் தாமாகவே சில சட்டங்களைப் போட்டுக்கொண்டார். பெரியவருக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால் நிற்க வேண்டும். வலக்கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். குடையோ பையோ காபி டம்ளரோ, எதுவானாலும் இடக்கைதான். பெரியவர் எந்த அறைக்குள் நுழைவதாக இருந்தாலும் முதலில் தாம் நுழைந்து, கதவுக்குப் பின்னாலும் திரைக்குப் பின்னாலும் பார்த்துவிட்டு, ஒரு முறை செரும வேண்டும். ஒரு செருமல் என்றால் வரலாம். இரண்டு என்றால் வராதே, திரும்பு. இதை இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டதுகூட இல்லை. ஆரம்பத்தில் எப்போதோ தொண்டை கரகரத்தது, அதுவே வழக்கமாகிப் போனது.

இரண்டு முறை செருமியது ஒரே ஒரு நாள். டெண்டர் தகராறு முற்றியிருந்த சமயம். ஷெட்டின் ஆபீஸ் அறைக்குள் நெட்டையண்ணன் முதலில் நுழைந்தார். கதவுக்குப் பின்னால் ஒரு செருப்பு முனை தெரிந்தது. அவர் கத்தியிருக்கலாம், ஓடியிருக்கலாம். செருமினார். இரண்டாவது செருமல் முடிவதற்குள் இரும்புக் கம்பி தோளில் இறங்கியது. பெரியவர் அதற்குள் காரில் ஏறிவிட்டார். ஏறத்தான் வேண்டும், அதற்குத்தானே செருமியது.

மறுநாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இரண்டு பேப்பர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றில் 'மெய்க்காப்பாளர் படுகாயம்'. இன்னொன்றில் 'லாரி அதிபரின் அடியாளுக்கு அடி'. ஒரே தோள், ஒரே கட்டு. நெட்டையண்ணன் முதல் பேப்பரை மடித்து மனைவியிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். அவள் இரண்டையும் வாங்கிப் படித்தாள். வீட்டுக்குப் போனதும் இரண்டையும் சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்துவிட்டாள்.

"என்ன இப்படிப் பண்ணிட்டே?" என்று கேட்டதற்கு, "இந்த ரெண்டு பேர்ல யாருமே இந்த வீட்டுப் பக்கம் வர்றதில்லையே" என்றாள்.

அது பொய்யில்லை. பெரியவர் தூங்கப் போன பிறகு வீட்டுக்கு வந்து, பெரியவர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிடுகிறவர் நெட்டையண்ணன். வரும்போது தம் வீட்டு வாசலில்கூடப் பழக்கதோஷத்தில் ஒரு முறை செருமுவார். பாயில் படுத்திருக்கும் மகள் அரைத்தூக்கத்தில், "அம்மா, வரலாமாம்!" என்று கத்துவாள். அந்த மகளிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு முறை அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். மெய்க்காப்பாளர் என்பது அவள் வாயில் நுழையவில்லை. அடியாள் என்று சொல்லக் கூடாது என்பது எப்படியோ தெரிந்திருந்தது. "எங்கப்பா நிக்கற வேலை பாக்கறாரு டீச்சர்" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

சாலையைக் கடக்கும்போது அவள் ஓடிவந்து வலக்கையைத்தான் பிடிப்பாள். நெட்டையண்ணன் விரலை உருவிக்கொண்டு அவளை இந்தப் பக்கம் இழுத்து இடக்கையைக் கொடுப்பார். வேலையில் இல்லாத நேரத்திலும் அப்படித்தான். ஒரு நாள் நடுரோட்டில் நின்று, "வலது கை பெரியவருக்காப்பா?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஆமாடா கண்ணு" என்றார் அவரும் பெருமையாக. மனுஷனுக்குச் சில சமயம் எதற்குப் பெருமைப்படுவது என்றே தெரிவதில்லை.

அந்த நாலு பேரில் ஒருவர் போய்ச் சேர்ந்தார். ஒருவர் தொழிலை விற்றுவிட்டுக் கண்காணாமல் போனார். ஒருவருக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்தார்கள். கம்பியோடு ஆள் அனுப்பிய நாலாமவரின் பேத்தியைத்தான் பெரியவரின் மகள் வழிப் பேரனுக்குக் கட்டினார்கள். சம்பந்தி வீட்டு விருந்தில் அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டே நெட்டையண்ணனைப் பார்த்து, "தோளு இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று அக்கறையாக விசாரித்தார். என்ன சொல்வது? "இருக்குங்க" என்றார்.

பிறகு ஷெட்டைச் சின்னவர் பார்த்துக்கொண்டார். சின்னவர் என்றால் பெரியவரின் ஒரே மகன். வாசலுக்குக் கேமரா வந்தது. ஏஜென்சியிலிருந்து நீலச் சட்டை போட்ட ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பெயர் செக்யூரிட்டி. ஆள் மாறினாலும் பெயர் மாறுவதில்லை. பெரியவர் வெளியே போவது குறைந்து, பிறகு நின்றே போனது. துணைக்கு வர்றவர் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா காலமானார். நெட்டையண்ணனின் மனைவியும் போய்விட்டாள். கடைசி மாதங்களில் அவர் பகல் வேளைகளில் லீவு போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "என்ன இது, விருந்தாளி இவ்ளோ நாள் தங்கறாரு?" என்று அவள் கிண்டல் செய்தாள். மகள் கல்யாணமாகித் தூரத்து ஊரில் இருந்தாள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பெரியவர் வீட்டு கார் ஷெட்டை ஒட்டியிருந்த அறைக்கு வந்துவிட்டார் நெட்டையண்ணன். ஒரு கட்டில், ஒரு பெட்டி, கோட்டு மாட்ட ஓர் ஆணி. அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பெரியவருக்கு மறதி வந்தது மெல்லத்தான். லாரி நம்பர்களைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர் அவற்றைத் தவறவிட ஆரம்பித்தார். பிறகு சாப்பிட்டதை மறந்தார். பிறகு மனைவி எங்கே என்று கேட்டார்; சொன்னால் புதிதாக அழுதார். மருமகள் பாங்கில் வேலை பார்க்கிறவள், நல்ல பெண், எதையும் முறையாகச் செய்ய நினைப்பவள். ஒரு நாள் நெட்டையண்ணனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"அண்ணே, மாமாவுக்கு இனிமே முழு நேரமும் ஒருத்தர் வேணும். கேர்டேக்கர் மாதிரி. வெளியாளைப் போடறதைவிட நீங்களே இருந்தா நல்லதுன்னு அவர் நினைக்கறாரு."

அவர் என்றது சின்னவரை. கேர்டேக்கர் என்ற வார்த்தை நெட்டையண்ணனுக்கு ரொம்ப நாள் தொண்டையில் நின்றது. இரும்புக் கம்பிக்குத் தோள் கொடுத்தவனுக்கு மூத்திரப் பாத்திரம் எடுக்கிற பட்டமா என்று இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் கார் ஷெட் அறையில் உட்கார்ந்து ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "சரிம்மா" என்றார்.

செய்யவும் செய்தார். சட்டை மாட்டினார், பொத்தான் போட்டார், தலை வாரினார், கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பின்னால் நின்றே செய்தார். முன்னால் வரவே அவருக்குத் தெரியவில்லை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நாற்காலிக்குப் பின்னால், இடப்பக்கம், ஓரடி. ஒரு கை பின்னாலிருந்து நீண்டு டம்ளரை வைக்கும், ஒரு கை வந்து வாயைத் துடைக்கும். இப்படிச் செய்தால் அது பழைய வேலைதான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பீரோக் கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைக்கிற வரைக்கும். ஒரு காலை வேலைக்காரம்மா துடைத்துவிட்டுப் போனாள். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் தமக்குப் பின்னால் நெடுநெடுவென்று ஒருவன் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்தார்.

"வந்துட்டான்! கம்பியோட வந்துட்டான்! கதவுக்குப் பின்னால நிக்கறான்!"

டம்ளர் பறந்து வந்து நெட்டையண்ணனின் நெற்றியில் பட்டது. ஐயா, நான்தாங்க, நான்தாங்க என்று அவர் பின்னாலிருந்தே சொல்லச் சொல்ல, பெரியவர் இன்னும் அலறினார். நான்தான் என்றால் யார்? அதற்குச் சொல்ல அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. ஓடிவந்த மருமகள் அவரை வெளியே போகச் சொன்ன பிறகுதான் பெரியவருக்கு மூச்சு சீரானது.

அதற்குப் பிறகு கண்ணாடியை மூடினார்கள். பயனில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று உணர்ந்தாலே உடம்பு நடுங்கியது. நெட்டையண்ணன் ஒரு நாள் மூன்றடி தள்ளி நின்றார், ஒரு நாள் ஜன்னலோரம் நின்றார். எங்கே நின்றாலும் பெரியவர் கம்பிக்காரன் என்றார். எவனிடமிருந்து காப்பாற்றினாரோ அவனாகவே ஆகிவிட்டார். இதைவிட ஒரு மனுஷனை அவமானப்படுத்த முடியுமா? அதுவும் வேண்டுமென்று செய்யாத ஓர் ஆள் செய்கிற அவமானம், கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

மருமகள் இந்தத் தடவை அவரை உட்காரச் சொல்லவில்லை. அவளே நின்றுகொண்டு பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. டாக்டரே சொல்லிட்டாரு, மாமா பயப்படற ஆளைப் பக்கத்துல வச்சிருக்கக் கூடாதுன்னு. திங்கட்கிழமை மாமாவைப் பாத்துக்க ஒரு அட்டெண்டர் வர்றாரு. உங்க ரூம் உங்களுக்குத்தான், அவசரமே இல்ல. ஆனா நீங்களும் பொண்ணுகிட்ட போய் இருந்தா... உங்களுக்கும் வயசாகுதுல்ல."

"ஆகுதும்மா" என்றார் நெட்டையண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம்போல் போன் செய்தாள். அவர் விஷயத்தை ஒரே வரியில் சொன்னார்.

"விட்டுச்சு சனி! முதல்ல பெட்டியைக் கட்டுங்கப்பா. இங்க வந்துடுங்க."

"அங்க வந்து நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருங்க."

அந்தச் சும்மாதான் அவரைப் பயமுறுத்தியது. அடியாளாக இருந்தாலும் அவன் யாருக்கோ ஆள். கேர்டேக்கராக இருந்தாலும் பார்த்துக்கொள்ள ஒருவர் உண்டு. சும்மா இருக்கிறவனுக்கு முன்னால் யார்? யாருக்குப் பின்னால் அவன் நிற்பான்? மகளிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. அவளுக்காகத் தாம் ஒரு நாளும் நின்றதில்லை என்பது அவளுக்கும் தெரியும். "பாக்கலாம்மா" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அட்டெண்டர் வரவில்லை. வழி தெரியாமல் எங்கோ இறங்கிவிட்டதாகப் போன் வந்தது. சின்னவர் ஊரில் இல்லை. வேலைக்காரம்மா லீவு. மருமகள் காரை எடுத்துக்கொண்டு போய் அழைத்துவர வேண்டியதாயிற்று.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம். உள்ள போகாதீங்க. தூங்கறாரு. எந்திரிச்சா மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெட்டையண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டார். கடைசி நாள் என்பதால் போட்டுக்கொண்டார். அறைக்கு வெளியே நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தால், பெரியவர் எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் துழாவிக்கொண்டிருந்தார். செருப்பு கிடைக்கவில்லை. எழுந்தால் விழுவார்.

பின்னாலிருந்து போனால் அலறுவார். வேறு வழியில்லை. நெட்டையண்ணன் அறையைச் சுற்றிக்கொண்டு வந்து, பெரியவருக்கு நேர் எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. கண் தெரியாமல் பெரியவர் முகத்தைச் சுருக்கியதும், பழக்கத்தில் கோட்டின் உள்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

பெரியவர் அதை மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி அடையாளம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். முகம் மாறியது.

"இது நம்ம ஆள்கிட்டல்ல இருக்கும்? உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

நெட்டையண்ணன் கையிலிருந்த காலிக் கூட்டைச் சட்டென்று மூடினார்.

"அவனை என்னடா பண்ணின?" பெரியவர் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சுப் போட்டுட்டியா?"

"இல்லைங்க, இல்லைங்க. அவரு நல்லா இருக்காரு. அவர்தான் உங்ககிட்ட குடுக்கச் சொல்லி அனுப்பினாரு."

"நிஜமா?"

"நிஜமாங்க."

"எங்க இருக்கான்?"

"வெளியில நிக்கறாருங்க."

பெரியவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். "நிப்பான். நிக்கறதுல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்றார். பிறகு எதிரில் இருப்பவன் தீங்கானவனில்லை என்று முடிவு செய்துவிட்டவர்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "அவனை எல்லாரும் அடியாள்னு சொல்லுவானுங்க. எவனையாவது அவன் அடிச்சுப் பாத்திருக்கியா? எறும்பை மிதிக்க மாட்டான். அவன்தான் அடி வாங்கினான். எனக்கு விழ வேண்டியது."

"கேள்விப்பட்டிருக்கேங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லணும்னு நெனச்சேன். வாசல் வரைக்கும் போனேன். அவன் பொண்டாட்டி உக்காந்திருந்துச்சு, குழந்தையை மடியில போட்டுக்கிட்டு. எனக்கு உள்ள போக முகம் இல்ல. டாக்டர்கிட்ட நல்லா பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நெட்டையண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் அன்று வந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

"அந்தக் குழந்தை இப்பப் பெருசாகியிருக்கும். ராவும் பகலும் இவனை நானே வச்சுக்கிட்டேன். தெரிஞ்சுதான் வச்சுக்கிட்டேன். எவனும் என்னைத் தேடி வரப்போறதில்லன்னு ஆன அப்புறமும் விடல. போடா, வீட்டுக்குப் போ, புள்ளையோட இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." பெரியவர் மூச்சு வாங்கினார். "சொன்னா போயிடுவானோன்னு பயம். அவன் முதுகுக்குப் பின்னால இல்லன்னா எனக்கு நடக்கவே வராது. அதான் சொல்லல."

வருத்தமும் கோபமும் ஒன்றாக வந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. நெட்டையண்ணனுக்குக் கண் கலங்கியது. எழுந்து அந்தக் கிழவரின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. நடுரோட்டில் நின்று கேட்ட அந்தக் குழந்தையின் முகம் அப்படியே எதிரில் வந்தது.

"சொல்லியிருந்தாலும் அவரு போயிருக்க மாட்டாருங்க" என்றார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கு அவரைக் கொஞ்சம் பழக்கம்."

பெரியவர் அதை யோசித்துப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. வெளிச்சம் நகர்ந்து சுவரில் நெட்டையண்ணனின் நிழல் நீளமாக விழுந்ததும் மறுபடி பழைய மிரட்சி தட்டியது. கண் கதவுப் பக்கமே போனது.

"நீ யாருன்னு எனக்குத் தெரியல. நல்லவனாக்கூட இருக்கலாம். ஆனா எனக்குப் பயமா இருக்கு. நம்ம ஆளைக் கூப்பிடு. அவன் வரட்டும்."

ஒரு கணம், நான்தாங்க அது என்று சொல்லிவிடலாம் போலிருந்தது நெட்டையண்ணனுக்கு. சொல்லி என்ன ஆகப்போகிறது? இருக்கிற அந்த ஒருவனையும் கிழவரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் ஆகும். குனிந்து, செருப்பைத் தேடி எடுத்து, வலக்கையாலேயே பெரியவரின் காலில் மாட்டிவிட்டார்.

"கூப்பிடறேங்க. நீங்க எந்திரிக்காம உக்காந்திருங்க."

வெளியே வந்தார். கதவைப் பாதி சாத்தினார். கதவுக்குப் பின்னால், உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, ஒரு முறை செருமினார்.

உள்ளே கட்டில் கிறீச்சிடுவது நின்றது.

"ஆங்" என்றது பெரியவரின் குரல், பழைய லாரி முதலாளியின் குரல். "வந்துட்டான் பாரு. கேட்டுச்சா? இனிமே எனக்கு ஒண்ணுமில்ல. நீ போகலாம்." காலி ஸ்டூலைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நெட்டையண்ணன் போகவில்லை. அழுகை வந்தது, சத்தம் போடக் கூடாது என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வாசலில் கார் சத்தம் கேட்டது. மருமகள் மூச்சிறைக்க வந்தாள், பின்னாலேயே புது அட்டெண்டர், ஒல்லியான ஆள், கையில் பையுடன். நெட்டையண்ணன் விரலை உதட்டில் வைத்து உள்ளே காட்டினார். மருமகள் எட்டிப் பார்த்தாள். மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலில் செருப்போடு, சமர்த்தாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவரைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது அவளுக்கு.

"எப்படிண்ணே?" என்றாள் கிசுகிசுப்பாக.

"ஒண்ணுமில்லம்மா. நான் வெளியில நின்னா போதும். முகத்தைக் காட்டக் கூடாது, குரலைக் காட்டக் கூடாது. அவ்ளோதான்."

அட்டெண்டர் இவரைப் பார்த்துவிட்டு மருமகளைப் பார்த்தான். "இவரு யாருங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இவரு மாமாவோட..." என்று ஆரம்பித்தாள் மருமகள். வார்த்தையைத் தேடினாள். கிடைக்கவில்லை. "நீங்க உள்ள போங்க. அவரு இங்கதான் இருப்பாரு" என்றாள். போகிறபோது திரும்பி, "நாளைக்கும் வந்துடுங்கண்ணே" என்றாள்.

அவன் உள்ளே போனான். பெரியவர் அவனிடம், "பாத்துப் பேசு, நம்ம ஆள் வெளியில நிக்கறான்" என்பது கேட்டது. மருமகள் பாங்குக்குக் கிளம்பிப் போனாள். நடைவழி காலியானது. ஒரு முனையில் ஜன்னல், மறுமுனையில் படி, நடுவில் அவர். இனி அவருடைய வேலை ஒரு செருமல்தான். எந்த முகத்துக்காக அத்தனை காலம் நின்றாரோ, அந்த முகத்தை இனி அவர் பார்க்கக் கூடாது.

வெகு நேரம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இடக்கையில் எடுத்தவர், அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வலக்கைக்கு மாற்றி மகளை அழைத்தார்.

"அப்பா? என்னப்பா இந்நேரத்துல? டியூட்டி இல்லையா?"

"டியூட்டிதான்" என்றார், வாயைக் கையால் மூடிக்கொண்டு, காற்றாக. "சத்தமாப் பேசக் கூடாது. நீ பேசுடா கண்ணு. எதாவது பேசு. நான் கேக்கறேன்."

அவள் முதலில் பயந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றாள். பிறகு, அப்பா கேட்டது அவளுக்கு எப்படிப் பட்டதோ, பேச ஆரம்பித்தாள். பையனுக்குப் பல் விழுந்ததை, மாடி வீட்டுக்காரியோடு சண்டை போட்டதை, அம்மாவின் நீலப் புடவையைத் தேடியும் கிடைக்காததை. ஒன்றிலிருந்து ஒன்று என்று போனது. குழந்தையில்கூட அவள் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை. பேச அவர் வீட்டில் இருந்ததில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, போனைக் காதோடு வலக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கையை மாற்றவில்லை.

இந்தப் பக்கமிருந்து சத்தமே வராததால் அவள் நடுவில் நிறுத்தினாள்.

"அப்பா? இருக்கீங்களாப்பா?"

அதே நேரத்தில் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பெரியவர் அட்டெண்டரிடம் எதையோ கலவரமாகக் கேட்டார்.

நெட்டையண்ணன் ஒரு முறை செருமினார்.

உள்ளே கட்டில் அடங்கியது. போனில், ரொம்பச் சின்னக் குரலில், "அம்மா, வரலாமாம்" என்றாள் மகள்.